கதவுக்கு நேரே நின்ற மேசைகள்

“சில்லுப் பூட்டின மேசையை நம்பி எப்பிடிப் புள்ள வேலை செய்யிறது? அது போயிடுமே.”

வாப்பா இப்படிக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். மேசை எங்கே போகும்? நான் வரைந்த படம் அவருடைய மடியில் கிடந்தது. தொழில்நுட்பக் கல்லூரியில் அதற்கு நல்ல பெயர் கிடைத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை படித்த முதல் ஆள் நான். வாப்பாவின் படிப்பு மன்னாரில் பாதியில் நின்றது. உம்மா அகதி முகாமில் மரத்தடியில் நடந்த வகுப்புக்குக் கொஞ்சக் காலம் போயிருக்கிறார். நான் படித்து முடித்து வந்து பட்டறையில் நிற்பது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது; அதை மறைக்கவும் இல்லை.

“மேசை போகாது வாப்பா. வேலை செய்யேக்க சில்லு நிலத்தில முட்டவே முட்டாது. மேசை தன்ட காலிலதான் நிக்கும். தள்ள வேணும் எண்டா மட்டும் சில்லைக் கீழ இறக்கிறது.”

“இறக்கினா?”

“உருளும்.”

“அதைத்தான் சொல்லுறன்,” என்றார். படத்தை மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் திருப்பித் தந்தார்.

எங்கள் பட்டறை கற்பிட்டிப் பாதையிலிருந்து கடல் பக்கம் பிரியும் ஒரு மணல் ஒழுங்கையில் இருக்கிறது. முன்பு அந்த இடம் அகதி முகாம். கிடுகுக் கொட்டில்கள் போய்க் கல்வீடுகள் வந்த பிறகும் பழைய ஆட்கள் அதை முகாம் என்றுதான் சொல்கிறார்கள். பட்டறை என்பது ஒரே ஒரு நீள அறை. ஒழுங்கையைப் பார்த்து வெளிப்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவு. வாசலிலிருந்து மண்ணுக்கு இறங்கும் ஒரு சீமெந்துச் சரிவு. உள்ளே மூன்று மேசைகள். கால்கள் பாலை மரம், மேற்பலகை தடித்த வேம்பு. வாப்பாவே செய்தவை. சீவுளி போட்டாலும் சுத்தியலால் அடித்தாலும் அசையாமல் நிற்க வேண்டும் என்று அவ்வளவு பாரமாகச் செய்திருந்தார்.

அசையாததுதான் பிரச்சினை. காற்றில் பட்டம் பிடித்துக் கடலில் ஓடும் விளையாட்டுக்காக வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டல்கள் எங்கள் கரையில் பெருகிவிட்டன. அவர்களுக்கு உயரமான, மடித்துத் திறக்கும் கதவுகள் வேண்டும். அவற்றை நிலத்தில் கிடத்திப் பொருத்த இடம் வேண்டும். மூன்று மேசையும் நடுவில் நின்றால் இடம் ஏது? ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டு ஆண்களைக் கூப்பிட்டு மேசைகளை இழுக்க வேண்டியிருந்தது.

இழுக்கும்போது வாப்பா உள்ளே இருக்க மாட்டார். சின்ன வயதிலிருந்தே நான் பார்த்து வந்த விஷயம் அது. “தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்” என்று வெளியே போய்விடுவார். அவரிடம் வேலை செய்யும் ஒருவர் இருக்கிறார்; அண்ணன் முறையில் நான் அவரை நானா என்பேன். குறிஞ்சிப்பிட்டியிலிருந்து சைக்கிளில் வருவார். வாப்பாவை அவர் பாஸ் என்பார், என்னைத் தங்கச்சி என்பார். அவர் வாசலை எட்டிப் பார்த்து, “பாஸ் போயிட்டாரா? சரி, இப்ப இழுங்கோ” என்பார். பிறகுதான் மேசைக் கால்கள் சீமெந்தில் உரசி அந்தச் சத்தம் வரும். பல்லைக் கூச வைக்கும் சத்தம். ஒழுங்கையின் மறு முனை வரை கேட்கும்.

வாப்பாவுக்கு இடுப்பு வலி, அதனால்தான் நழுவுகிறார் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். கல்லூரி முடிந்து வந்த பிறகு ஒரு நாள் ஜன்னலால் பார்த்தேன். அவர் தேத்தண்ணிக் கடைக்குப் போகவில்லை. வேலியோரத்தில் பட்டறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு கை மற்றக் கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. யாரோ பிடித்து வைத்திருப்பதைப் போல. சத்தம் நின்று கொஞ்ச நேரத்தின் பிறகுதான் கையை விட்டார்.

அந்தச் சத்தம் இனிப் பட்டறையில் கேட்கக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். காரணத்தை உம்மாவிடம் கேட்டேன். “அங்க நடந்த ஏதோ. நான் கேக்கிறல்ல” என்றார். எங்கள் வீட்டில் ‘அங்க’ என்றால் மன்னார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் உம்மா உடனே அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

நான் செய்தது சிக்கலான ஒன்றல்ல. மேசையின் இரண்டு முனையிலும், கால்களுக்கு இடையில், கதவுக்குப் போடும் பிணைச்சல் போட்டு ஒரு பலகையைத் தொங்கவிட வேண்டும். அந்தப் பலகையில் இரண்டு சில்லுகள். மேசையின் முனையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு பலகையைக் காலால் உள்ளே தள்ளினால் சில்லுகள் நேராக நிலத்தில் ஊன்றும். மேசையின் கால்கள் ஒரு விரல் உயரத்துக்கு மேலே எழும்பும். பின்னால் ஒரு மரக்கட்டை விழுந்து பலகையை மடங்காமல் தடுக்கும். இரண்டு முனையையும் இப்படிச் செய்தால் மேசையை ஒரு ஆள் தள்ளலாம். போய்ச் சேர்ந்ததும் கட்டையில் கட்டிய கயிற்றை இழுக்க வேண்டும். பலகை மடங்கும். மேசை தடால் என்று தன் காலில் உட்காரும். பிறகு யானை முட்டினாலும் அசையாது.

முதல் முயற்சி கேவலமாகப் போனது. பிணைச்சலுக்குச் சின்னத் திருகாணி போட்டிருந்தேன். மேசையைத் தூக்கி இறக்கியதும் எல்லா ஆணியும் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தது. நானா ஆணிகளைப் பொறுக்கித் தந்தபடி, “சேட்டிபிக்கட்டைச் சுவரில மாட்ட எங்க தங்கச்சி ஆணி அடிச்சீங்க? அந்த ஆணியாவது நிக்குதா?” என்றார். மரத்தை ஊடறுத்துப் போகும் நீள போல்ட் போட்டேன். புத்தளத்தில் வாங்கிய இரும்புச் சில்லுகள் கடலிலிருந்து வீசும் கச்சான் காற்றில் உப்புப் பிடித்து இறுகிப் போயின. அவற்றைக் கழற்றிவிட்டு நைலோன் சில்லுகளுக்குத் துருப்பிடிக்காத அச்சு வாங்கிப் போட்டேன். மூன்றாவது தடவை மேசை உருண்டது.

இடையில் இன்னொரு வேலையும் செய்தேன். நடு மேசையின் மேற்பலகை மற்ற இரண்டையும் விட அகலமானது. அதன் விளிம்பில் ஒரு துண்டை நீளத்துக்கு வாளால் அறுத்து எடுத்தேன்.

“ஏன் தங்கச்சி நல்ல பலகையை வெட்டுறீங்க?” என்றார் நானா.

“கதவால போகாது.”

“ஏன் கதவால போகோணும்?”

நான் வாளை நிறுத்தினேன். மேசைகள் அறைக்குள் அங்குமிங்கும் நகர்ந்தால் போதும். வெளியே கொண்டு போக ஒரு தேவையும் இருக்கவில்லை. ஆனால் சில்லுப் பூட்டுவது என்று தீர்மானித்ததுமே நான் முதலில் அளந்தது கதவைத்தான். எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் அப்படித்தான். தளபாடக் கடையில் மற்றவர்கள் விலையைக் கேட்பார்கள். எங்கள் உம்மாமார், இது பிரியுமா, கதவால போகுமா என்று கேட்பார்கள். வீட்டுக்குள் வைத்துச் செய்த கட்டிலை ஒருவரும் விரும்புவதில்லை. வாப்பாவும் யாருக்குக் கதவு செய்தாலும், கேட்ட அளவை விட அகலத்தைக் கூட்டித்தான் செய்வார். “யானையா பாஸ் வரப் போகுது?” என்று ஆட்கள் ஏசியதும் உண்டு. அடுத்த கதவையும் அவர் அப்படியே செய்வார்.

“அழகுக்கு வெட்டுறன்,” என்றேன் நானாவிடம். அவர் நம்பவில்லை. மிச்சத்தையும் அறுத்தேன்.

மூன்று மேசையும் முடிந்த நாளில் நானா நடு மேசையைத் தள்ளிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தார். “கலியாண ஊர்வலம் மாதிரிப் போகுது!” என்றார். சத்தமே இல்லை. வாப்பா கிட்ட வந்தார். ஒற்றை விரலால் மேசையைத் தொட்டு லேசாகத் தள்ளினார். அது போனது. சூடான இரும்பைத் தொட்டவர் போல விரலை எடுத்துக்கொண்டார்.

“நல்லாச் செஞ்சிருக்கா,” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மேசையைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த வாரத்தில்தான் அது தொடங்கியது. காலையில் நான் பட்டறையின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே போனேன். மூன்று மேசைகளும் ஒன்றன் பின் ஒன்றாக, ஒழுங்கைப் பக்கத்து இரட்டைக் கதவுக்கு நேரே நின்றன. மூன்றும் சில்லுகளின் மேல். கால்கள் நிலத்தில் படவில்லை. முதல் மேசையின் முனை கதவில் முட்டிக்கொண்டிருந்தது. மேசைகளுக்கு மேலே ஒன்றும் இல்லை. உளி, சீவுளி எல்லாம் பெட்டியில் அடுக்கி, பெட்டி மூன்றாவது மேசையின் கீழ்த் தட்டில் கயிற்றால் கட்டியிருந்தது.

நேற்று மாலை நான் போகும்போது மேசைகள் மூன்று மூலையில் காலூன்றி நின்றதை என் கண்ணால் பார்த்திருந்தேன்.

“நீங்களா நானா?”

“எனக்கு வேற வேலை இல்லையா? பின்னேரம் அஸர் பாங்குக்கே நான் சைக்கிள எடுத்திட்டன்.”

தள்ளிக் கொண்டு போய் அவற்றின் இடத்தில் வைத்தோம். அடுத்த நாளும் கதவுக்கு நேரே நின்றன. அதற்கு அடுத்த நாளும். நானா ஒரு காலையில் உள்ளே வர மறுத்து வாசலிலேயே நின்றார். “பழைய மரத்தில இருந்தது இப்ப கால் கிடைச்சு நடக்குது. உங்கட மகள் ஜின்னுக்குச் சில்லுப் பூட்டிக் குடுத்திருக்கா” என்று உம்மாவிடம் சொன்னார். பாதி சிரிப்புக்குச் சொன்ன பகிடி. மற்றப் பாதி பகிடி இல்லை. உம்மா ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓதி நான்கு மூலையிலும் ஊதினார், சாம்பிராணி போட்டார். வெள்ளைப் புகைக்குள் அந்த மூன்று மேசையும் வரிசையாக வெளியே போகக் காத்திருப்பதைப் பார்த்து நானும் ஒரு அடி பின்னால் போனேன். ஜின்னை நான் பெரிதாக எண்ணியதில்லை. ஆனால் அந்த வரிசையில் ஒரு அவசரம் இருந்தது. பஸ்ஸுக்கு முன்னால் நெருக்கி நிற்கும் ஆட்களைப் போல.

அந்த நாட்களில்தான் உம்மா தேங்காய் துருவிக்கொண்டே இதைச் சொன்னார்: “உங்கட வாப்பா இப்ப ராவையில எழும்புறல்ல. கவனிச்சியா?”

நான் கவனித்திருக்கவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வாப்பா இரவில் ஒரு தடவை எழும்பிப் போய் முன்கதவைத் தொட்டுப் பார்ப்பார். திறக்க மாட்டார், பூட்டைப் பார்க்கவும் மாட்டார். கதவின் இரண்டு நிலையையும் உள்ளங்கையால் தொட்டுவிட்டு வந்து பாயில் உட்கார்ந்திருப்பார். அது எங்கள் வீட்டில் கடல் இரைச்சல் மாதிரி. இருக்கும்போது கேட்காது.

“கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து இப்பதான் விடிய சுபஹ் பாங்கு கேக்கும்வரைக்கும் நித்திரை கொள்ளுறார்,” என்றார் உம்மா. அவர் முகத்தில் பயமும் சந்தோஷமும் ஒன்றாக இருந்தன.

அன்று மாலை, அஸர் தொழுகைக்குப் பின்னால், நான் பட்டறையின் பக்கக் கதவால் எட்டிப் பார்த்தேன். யாராக இருக்கும் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

வாப்பா தனியாக நின்றார். அலவாங்கு என்ற இரும்புக் கடப்பாரையை மேசையின் அடியில் கொடுத்து, தன் உடம்பை அதன் மேல் சாய்த்து, முனையை உயர்த்தினார். இடது காலால் பலகையை உள்ளே தள்ளினார். கட்டை விழுந்த ஒலி கேட்டது. மறு முனைக்குப் போனார். பிறகு மேசையைத் தள்ளிக் கொண்டு கதவுக்கு நேரே நிறுத்தினார். கதவு மூடியே இருந்தது. கதவின் அகலத்தில் கையை விரித்துச் சாண் போட்டார். பிறகு மேசையின் அகலத்தில் சாண் போட்டார். திரும்பவும் கதவில். ஒன்றும் விடாமல் மூன்று மேசைக்கும் அதைச் செய்தார். முடிந்ததும் கடைசி மேசையில் ஒட்டியிருந்த மரத்தூளைக் கையால் தட்டினார். அப்போதுதான் என்னைக் கண்டார்.

நான் பயந்துவிட்டேன். அவர் பயப்படவில்லை.

“போகும்,” என்றார். “மூண்டும் போகும்.”

“எங்க வாப்பா?”

“வெளிய.”

நான் உள்ளே போய் மேசையின் விளிம்பில் சாய்ந்து நின்றேன். அவரும் சாய்ந்தார். என்னிடம் அவர் அதுவரை சொல்லாததை, ஆணிக் கணக்குச் சொல்வது போல, வேகமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல் சொன்னார்.

“எங்கட வாப்பாட மேசை இதை விடப் பெரிசு. முஸ்லிம் ஆக்கள் எல்லாரும் ஊரை விட்டு வெளிக்கிட வேணும் எண்டு இயக்கக்காரர் அறிவிச்சாங்க. கரையில தோணி நிக்குது. கையில கொண்டு போறதை மட்டும் எடுங்கோ எண்டாங்க. வாப்பா மேசையை விட மாட்டன் எண்டார். நானும் என்ட கூடப் பிறந்த நானாவும் இழுத்தம். நான் சின்னப் பொடியன். அது சீமெந்தில போட்ட சத்தம் இருக்கே, புள்ள... தெருவில போற சனம் எல்லாம் திரும்பிப் பாத்துக்கொண்டு போகுது. கதவு வரைக்கும் வந்திட்டுது. கதவுக்குள்ள நுழையல்ல.”

இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

“ரெண்டு விரல். கதவையும் அவர்தான் செஞ்சவர், மேசையையும் அவர்தான் செஞ்சவர். விடாம இழுத்தம். அப்பிடியே இறுகிப் போச்சு. உள்ளயும் போகுதில்ல, வெளியயும் வருகுதில்ல. உம்மா உள்ள. தங்கச்சிமார் உள்ள. மாமி ஒராள் வயித்தில புள்ளையோட உள்ள. எல்லாரையும் மேசைக்கு மேலால ஏத்தித்தான் வெளிய எடுத்தம். கடைசியா வாப்பா ஏறினார். ஏறேக்க மேசையில கிடந்த மரத்தூளைத் தட்டிவிட்டார். அதை எதுக்குத் தட்டினார்?”

என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“இங்க முகாமுக்கு வந்த பிறகும் அவர் அந்த ரெண்டு விரலைத்தான் கதைச்சுக்கொண்டிருந்தார். வீடு போனதைக் கதைக்கல்ல, காணி போனதைக் கதைக்கல்ல. மௌத்தாகிற நாள் வரைக்கும் அதுதான்.” மேசையின் பக்கம் திரும்பினார். “நீ இந்தப் பலகையை வெட்டினாய் எண்டு இங்க வேலை செய்யிறவன் சொன்னான். ஏன் வெட்டினாய்?”

“தெரியாது வாப்பா.”

நான் அறுத்த விளிம்பின் மேல் கையை வைத்து மெல்லத் தடவினார். அறுத்த இடம் இன்னும் சொரசொரப்பாகத்தான் இருந்தது. பக்கத்துப் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்கு வுழுச் செய்து கை கால் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எனக்கு அந்தப் பலகையைத் தொடவே பயமாக இருந்தது. நான் பிறப்பதற்கு முன் நடந்த ஒன்று, யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று, என் கையால் வாளைப் பிடித்து அளவு தப்பாமல் அறுத்திருக்கிறது. படித்த எல்லாவற்றையும் வைத்து யோசித்துப் பார்த்தேன். அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

அதன் பிறகு நான் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் நானா வருவதற்கு முன்பே போய் மேசைகளைத் திரும்பவும் உள்ளே தள்ளி, கயிற்றை இழுத்துக் காலூன்ற வைத்துவிடுவேன். மாலையில் வாப்பா அவற்றை வரிசையாக்குவார். இரவில் நித்திரை கொள்வார். அது அப்படியே போயிருக்கும். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது.

அன்றைக்கு நானா முதலில் வந்தார். பக்கக் கதவுப் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்ததால், தன்னிடமிருந்த திறப்பால் ஒழுங்கையிலிருந்து இரட்டைக் கதவைத் திறந்தார். கதவில் சாய்ந்து சில்லின் மேல் நின்ற முதல் மேசை அவரைத் தொடர்ந்து வெளியே வந்தது. வாசல் சரிவு. அவர் விலகிப் பாய்ந்தார், மேசையின் மூலை அவருடைய முழங்காலுக்குக் கீழே கிழித்துக்கொண்டு போனது. அது சரிவில் இறங்கி, ஒழுங்கையைக் குறுக்கே கடந்து, அங்கே படுத்திருந்த ஒரு கழுதைக்கு முன்னால் மணலில் புதைந்து நின்றது. கழுதை எழும்பவில்லை.

“அல்லாஹ்வே! வெரட்டிக்கொண்டு வருகுது!” என்று நானா கத்தியது என் அறைக்கே கேட்டது. நான் ஓடி வந்தபோது அவர் நிலத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். இரத்தம் மணலில் சொட்டியது. சற்று முன்னர்தான் அந்த ஒழுங்கையால் குர்ஆன் மதரசாவுக்குப் பிள்ளைகள் போயிருந்தார்கள். அதை யாரும் வாயால் சொல்லவில்லை. எல்லோரும் அந்தப் பாதையைத்தான் பார்த்தார்கள்.

உம்மா நானாவின் காலைக் கட்டிக்கொண்டே என்னிடம், “கழட்டு. இண்டைக்கே கழட்டு” என்றார்.

“ஜின் இல்லை உம்மா.”

“எனக்குத் தெரியும் அது ஆரெண்டு. எப்பவோ தெரியும். எண்டாலும் கழட்டு.”

வாப்பா அங்கேதான் நின்றார். நானாவின் தோளில் கையை வைத்தார். “பாஸ், காயம் சின்னன்,” என்றார் நானா. “ஆனா அடுத்த தரம் கழுதை இருக்காது.” வாப்பா தலையாட்டினார். உள்ளே போய் ஸ்பானரை எடுத்துவந்து, மணலில் நின்ற அந்த மேசையின் அடியில் படுத்து, என் போல்ட்டுகளைத் தானே கழற்றத் தொடங்கினார். நான் தடுக்கவில்லை. மூன்று மேசையிலும் பலகைகளை எடுத்து, சில்லுகளைத் துடைத்து, ஒரு சாக்கில் போட்டு என்னிடம் தந்தார்.

“உன்ட வேலையில பிழை இல்லை,” என்றார்.

அன்றிரவே கதவின் நிலையில் உள்ளங்கை படும் ஒலி திரும்பவும் கேட்டது. அடுத்த இரவு அவர் பாயில் உட்காரவில்லை. கதவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். பகலில் வேலையின் நடுவே கண் அயர்ந்தார். வாரக் கடைசியில் ஹோட்டல் கதவுக்கு உளி போடும்போது பெருவிரலின் ஓரத்தைச் சீவிவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் தன் கையை வெட்டி நான் பார்த்ததில்லை. உம்மா என்னைப் பார்த்தார். இந்தத் தடவை கழட்டு என்றோ பூட்டு என்றோ சொல்லவில்லை. “என்னவாவது செய் மகள்,” என்று மட்டும் சொன்னார்.

விரலில் சீலை சுற்றிக்கொண்டு அவர் பட்டறையில் இருந்தபோது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“வாப்பா, சில்லைத் திரும்பப் பூட்டுறன். நீங்க பின்னேரத்தில மேசையைக் கதவடிக்குக் கொண்டு போங்க. ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டம். ஆனா அங்க கொண்டு போன பிறகு கயித்தை இழுத்துக் காலில நிக்க வையுங்க. சில்லில விடாதீங்க.”

“அது சரிவராது புள்ள.”

“ஏன்?”

“இறக்கிறது லேசு. ஒரு இழுவை. திரும்பத் தூக்கிறதுக்கு அலவாங்கு வேணும், ரெண்டு முனைக்கும் ஓட வேணும். எனக்கும் வயசு போகுது. அந்த நேரம் அலவாங்கைத் தேடிக்கொண்டு நிக்கிறதா?”

“எந்த நேரம் வாப்பா?”

அவர் வெட்டுப்பட்ட விரலைப் பார்த்தார். அவர் பைத்தியமாகப் பேசவில்லை. அப்படி ஒரு நேரம் வராது என்று அவருக்குச் சொல்ல என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. அவருடைய வாப்பாவும் ஒரு காலையில் வழமை போலத்தான் பட்டறையைத் திறந்திருப்பார். இனி அப்படி நடக்காது என்று நான் சொல்லியிருந்தால் அது வெறும் வாய்ச் சொல். அவருக்கு வேண்டியது வேறு. காலூன்றி நிற்கும் மேசை ஒரு நொடியில் எழும்பும் என்று அவருடைய உடம்புக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தால் அவர் அதை நிற்க விடுவார். தானும் படுப்பார்.

ஆகவே பழைய படத்தைக் கிழித்துப் போட்டேன். இரண்டு முனைப் பலகையையும் மேசையின் அடியில் ஒரு இரும்புக் கம்பியால் இணைத்து, காலால் அழுத்தும் நீளமான ஒரு மிதியோடு பொருத்தினால், ஒரே மிதியில் நான்கு சில்லும் இறங்கும். மிதி நீளமாக இருந்தால் பாரம் தெரியாது. இன்னொரு தடவை தொட்டால் மேசை காலில் உட்காரும். அலவாங்கு வேண்டாம். இரண்டாவது ஆள் வேண்டாம். கதவின் உள்பக்கம் நிலத்தில், காலால் தட்டினால் மடங்கும் ஒரு தடுப்புக் கட்டையும் அடிக்க வேண்டும், யாரும் தெரியாமல் திறந்தாலும் மேசை பின்னால் வராதபடி. புதிதாக வரைந்ததை நானாவிடம் காட்டினேன். முழுவதையும் பார்த்துவிட்டு, “பாஸுக்கு ஓடுறதுக்கு வழி செஞ்சு குடுத்து வீட்டில இருத்தப் பாக்கிறீங்க” என்றார்.

“ஓம் நானா.”

“முதல்ல தடுப்பை அடியுங்கோ. எனக்கு மிச்சம் ஒரு கால்தான் இருக்கு.”

தடுப்பை அன்றே அடித்தோம். வாப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அதை மிதித்துப் பார்த்தார்.

இவ்வளவையும் செய்து கொடுத்தாலும் அவர் நிற்க வைப்பாரா என்று எனக்குத் தெரியாது. நான் செய்யும் ஒவ்வொன்றும் மன்னார் வீட்டுக் கதவுக்குள் இறுகிய மேசையைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று சில நேரம் தோன்றுகிறது. பட்டறையில் தனியாக நிற்கும்போது ஒழுங்கையில் ஏதாவது உரசும் சத்தம் கேட்டால் இப்போது நானும் கையை நிறுத்திவிட்டுக் கதவைத்தான் பார்க்கிறேன்.

நேற்றுக் காலை நடு மேசையின் அடியில் புதிய கம்பிக்கான துளைகளைத் துளைத்து முடித்தேன். பிறகு வாப்பா நண்பகல் தொழுகைக்காகக் கழற்றி வைத்த செருப்புகளில் இடது செருப்பை எடுத்துக்கொண்டு சந்தியிலுள்ள வெல்டிங் கடைக்குப் போனேன். வலது முழங்கால் வலியால் அவர் எதையும் இடது காலால்தான் மிதிப்பார்.

“மேசைக்குச் செருப்பா தைக்கப் போறீங்க?” என்றார் கடைக்காரர்.

மிதிக்கு எடுத்த இரும்புத் தகட்டின் மேல் செருப்பை வைத்து, குதிகால் அமரும் இடத்தைக் காட்டினேன். அவர் சோக்கால் சுற்றிக் கோடு போட்டார். கொஞ்சம் அகலமாக வெட்டச் சொன்னேன், வெட்டினார்.